தற்கொலைத் தடுப்பு: இலவச ஆன்லைன் பயிற்சிகளில் எதை எடுப்பது?

20 நிமிடத்தில் முடிவது ஒன்று, ஒன்றரை மணி நேரம் கேட்பது ஒன்று, இரண்டு மணி நேரம் போவது இன்னொன்று. எல்லாமே இலவசம் என்கிறார்கள், எல்லாமே உயிரைக் காக்கும் என்கிறார்கள். மருத்துவரோ ஆலோசகரோ இல்லாத ஒருவர் இதில் எதை எடுப்பது? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனதில் பெரும்பாலும் ஒரு முகம் இருக்கும். விடுதியில் உடன் தங்கியிருப்பவர், தங்கை, வேலையிடத்தில் கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர். அந்த முகத்தை வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். தேர்வு பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. அந்த ஆள் இப்போதே ஆபத்தில் இருக்கிறார் என்று தோன்றினால், அல்லது அந்த ஆள் நீங்கள்தான் என்றால், இது பயிற்சி தேடும் நேரம் இல்லை. உதவி எண்கள் இவை: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. கூப்பிடுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அவசர உதவியை அழையுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நேரத்தையும் சான்றிதழையும்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என் வரிசையில் இரண்டுக்கும் கடைசி இடம்தான்.

முதல் அளவுகோல்: அந்தக் கேள்வியை உங்கள் வாயால் கேட்க வைக்கிறதா? எல்லாப் பயிற்சிகளின் நடுவிலும் இருப்பது ஒரே செயல்தான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. 2005-ல் வெளியான, நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில், அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் மனக்கலக்கத்திலோ தற்கொலை எண்ணத்திலோ வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வோடு இருந்தவர்களுக்குக் கேள்வி தீங்கு செய்யவில்லை, கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. எனவே கேட்கலாம். சிக்கல், கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதில் இல்லை, கேட்பதில்தான் இருக்கிறது. 2008-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 32 பள்ளிகளில் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அறிவு கூடியது, தன்னம்பிக்கை கூடியது. ஆனால் மாணவர்களிடம் போய்க் கேட்பது கூடியது, ஏற்கெனவே அவர்களோடு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் மட்டும்தான். பயிற்சி அவர்களுக்குத் துணை நின்றது. பேசாமல் இருந்தவர்களைப் பேச வைக்கவில்லை. வெறும் வீடியோவைப் பார்த்து முடிப்பதற்கும் சொல்லிப் பழகுவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியாது.

இரண்டாவது: "ஆமாம்" என்று பதில் வந்த பிறகு என்ன செய்வது என்று சொல்கிறதா? கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடும் பயிற்சி ஆளை நடுவழியில் இறக்கிவிடும்.

மூன்றாவது: மொழியும் நாடும். இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பிரிட்டனையோ அமெரிக்காவையோ மனதில் வைத்துச் செய்தவை. அவர்கள் தரும் எண்கள் உங்களுக்கு உதவாமல் போகலாம். சில நாடுகளில் தற்கொலை முயற்சி இன்னும் சட்டப்படி குற்றம். அங்கே "போலீஸைக் கூப்பிடு" என்ற அறிவுரைக்குப் பொருளே வேறு.

நான்காவது: இலவசம் என்றால் யாருக்கு இலவசம்? ஒரு பல்கலைக்கழகமோ மாநில அரசோ பணம் கட்டித் தன் ஆட்களுக்கு மட்டும் திறந்துவிடும் பயிற்சிகளும் "இலவசம்" என்றே தேடலில் வரும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: பயிற்சி எடுப்பவரின் மனச்சுமை. நெருங்கிய ஒருவரை இப்படி இழந்தவருக்கு 20 நிமிட வீடியோ கூட அன்றைய நாளையே விழுங்கிவிடலாம்.

## ஜீரோ சூசைட் அலையன்ஸின் 20 நிமிடப் பயிற்சி

பிரிட்டனில் 2017-ல் தொடங்கிய கூட்டமைப்பு இது. பொதுமக்களுக்காகவே செய்யப்பட்ட பயிற்சி. முன் அனுபவம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அறிகுறியைக் கவனி, பேசு, உதவி இருக்கும் இடத்தைக் காட்டு என்ற மூன்று படிகள்தான் அடித்தளம். பாடம் நடத்துவது போல இல்லாமல், இருவர் பேசிக்கொள்ளும் காட்சிகள் வழியாகப் போகும். எப்படிப் பேச்சைத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் திறக்கிறார், எப்படித் தொடங்கினால் மூடிக்கொள்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

முதல் அளவுகோலில் இது பாதி தேறுகிறது. கேள்வி கேட்கப்படுவதைக் காட்டுகிறது. கேட்பது நீங்கள் இல்லை. இரண்டாவதில், அடுத்த படி பெரும்பாலும் பிரிட்டனின் சேவைகளை நோக்கியே போகிறது. அந்த இடத்தில் உங்கள் நாட்டின் எண்களை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இலவசம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

மறைந்த செலவு என்று பார்த்தால், ஆங்கிலம் வேகமாக ஓடாதவர்களுக்கு 20 நிமிடம் எளிதாக 40 ஆகும். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், முடித்ததும் வரும் "சரி, தெரிந்துகொண்டாயிற்று" என்ற நிம்மதி. 20 நிமிடத்தில் அச்சம் கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். அதுவே பலருக்குப் போதுமான தொடக்கம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

குறிப்பிட்ட ஆள் யாரும் மனதில் இல்லை, பொதுவாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றாலோ, ஓர் அலுவலகத்திலோ சங்கத்திலோ நிறையப் பேரை ஒரே நேரத்தில் தொடங்க வைக்க வேண்டும் என்றாலோ இதுதான் சரி.

## க்யூ.பி.ஆர்.

இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். போல, யார் வேண்டுமானாலும் கற்று உடனே செய்யக்கூடிய முதலுதவியாகத் தற்கொலைத் தடுப்பும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அமெரிக்க உளவியலாளர் பால் குவின்னெட் 1995-ல் உருவாக்கியது. பெயரின் மூன்று எழுத்துகளும் மூன்று வேலைகள்: கேள், உதவி பெற இணங்க வை, உரியவரிடம் சேர். ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒன்றரை மணி வரை போகலாம். முடிவில் கேள்வித்தாளும் சான்றிதழும் உண்டு.

இதன் பலம் நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது எழுத்து. மற்றப் பயிற்சிகள் "உதவிக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரியில் கடந்துவிடும் இடத்தில் இது நின்று பேசுகிறது. எண்ணம் இருப்பதை ஒப்புக்கொண்டவர் அடுத்த நிமிடமே "ஆனா யார்கிட்டயும் சொல்லிடாத" என்பார். "டாக்டர்கிட்டல்லாம் வர மாட்டேன்" என்பார். அங்கேதான் சாதாரண ஆட்கள் தடுமாறுகிறோம். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே, நானும் கூட வருகிறேன் என்று சொல், போன் போடும்போது பக்கத்தில் உட்கார். இந்தப் பகுதிக்காகவே ஒரு மணி நேரத்தைக் கொடுக்கலாம்.

இலவசமா என்றால், பொதுவாக இல்லை. ஆன்லைன் வடிவத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் பல பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் மொத்தமாக உரிமம் வாங்கித் தங்கள் ஆட்களுக்கு இலவசக் குறியீடு தருகின்றன. நீங்கள் மாணவர் என்றால், அல்லது வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், மனிதவளத் துறையிடமோ மாணவர் நலப் பிரிவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களிடம் இருந்தும் யாரும் கேட்பதில்லை என்பதால் அப்படியே கிடப்பது வழக்கம்.

மேலே சொன்ன ஜார்ஜியா ஆய்வு இந்தப் பயிற்சியைப் பற்றியதுதான். பயிற்சியே வீண் என்று அதைப் படிக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே நாலு பேர் மனம்விட்டுப் பேசும் ஆள் என்றால் இதிலிருந்து அதிகம் பெறுவீர்கள் என்று படிக்கலாம். விடுதிக் காப்பாளர், ஆசிரியர், குழுத் தலைவர், எல்லோரும் வந்து புலம்பும் அந்த ஒரு நண்பர்: இவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

## லிவிங்வொர்க்ஸ் ஸ்டார்ட்

கனடாவின் லிவிங்வொர்க்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தத் துறையில் இருக்கிறது. இரண்டு நாள் நேரடிப் பயிலரங்கு ஒன்றுக்கும் பெயர் பெற்றது. ஸ்டார்ட் என்பது அதன் ஆன்லைன் வடிவம், ஒன்றரை மணி நேரம் வரை. நீங்கள் தேர்வு செய்து செய்து முன்னேறும்படியான காட்சிகள் இருப்பதால் சொல்லிப் பழகுவதற்குக் கொஞ்சம் நெருக்கமாக வருகிறது. இதுவும் யாராவது பணம் கட்டியிருந்தால்தான் உங்களுக்கு இலவசம். கிடைத்தால் எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதைத் தேடி அலைய வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

## கொலம்பியா புரோட்டோகால்

என்ன கேட்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. கையில் ஆறு கேள்விகளைக் கொடுத்துவிடுகிறது.

முதல் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தூங்கினால் எழுந்திருக்கவே கூடாது என்றோ தோன்றியதா என்பது. இரண்டாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "இல்லை" என்றால் நேராக ஆறாவதுக்குப் போக வேண்டும். "ஆமாம்" என்றால் 3, 4, 5: எப்படி என்று யோசித்ததுண்டா, செய்தே தீர வேண்டும் என்ற உறுதி இருந்ததா, திட்டம் எதுவும் போட்டதுண்டா. ஆறாவது, இதற்காக எப்போதாவது ஏதாவது செய்ததோ, செய்யத் தொடங்கியதோ, தயார் ஆனதோ உண்டா, அது அண்மையிலா என்பது. போகப் போக அவசரம் கூடுவது கேள்விகளின் வரிசையிலேயே தெரிகிறது. கேட்கும் நீங்கள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

பயிற்சி வீடியோக்கள் இலவசம், அரை மணி நேரம் போதும். கேள்விகள் 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் என்றே தனி வடிவமும் உண்டு. மொழி என்ற அளவுகோலில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. இது அடிப்படையில் ஆபத்தின் அளவைக் கணிக்கும் கருவி. மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் பயன்படுவது. கையில் தாளை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று அடுக்கிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு விண்ணப்பம் நிரப்புவது போல ஆகிவிடும். கேட்பதற்கு முன்னும் பின்னும் என்ன பேசுவது, எப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பதை இது அதிகம் சொல்லித்தருவதில்லை. இன்னொன்று: எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தாலும், உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் தாளை நம்பாதீர்கள், மனதை நம்புங்கள். உண்மையைச் சொல்ல இன்னும் தயாராகாதவர் "இல்லை" என்றுதான் சொல்வார்.

சொற்கள் கையில் வேண்டும் என்பவருக்கும், சூழலில் ஆங்கிலம் இல்லாதவருக்கும், போனில் ஆட்களிடம் பேசும் தன்னார்வலருக்கும் இது பொருந்தும்.

## காம்: ஆபத்தான பொருட்களைத் தள்ளிவைப்பது பற்றி

அமெரிக்காவில் உருவான இரண்டு மணி நேர இலவசப் பயிற்சி. முதன்மையாக மருத்துவப் பணியாளர்களுக்கு என்று செய்தது என்றாலும், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் இருக்கும் விஷயம் வேறெங்கும் இவ்வளவு விரிவாக இல்லை. ஆபத்தான காலத்தில் வீட்டில் எதை அப்புறப்படுத்துவது, எதைப் பூட்டி வைப்பது, அதை அவரிடமே எப்படிப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது.

செய்ய நினைப்பவர் எப்படியும் வழி கண்டுபிடிப்பார், இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. தீவிரமான நெருக்கடி பலருக்கும் குறுகியது, அலை போல வந்து தணிவது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கையில் மிக நச்சான பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1990-களின் நடுவிலிருந்து 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அலை தணியும் வரை கைக்கு எட்டாமல் இருப்பதே பல நேரம் போதும்.

குறை என்றால், அமெரிக்கா என்பதால் துப்பாக்கி பற்றி நிறையப் பேசுகிறது. அந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாமலிருக்கலாம். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிப்பதும் கடினம். முதல் பயிற்சியாக இதை எடுக்காதீர்கள். ஆனால் அண்மையில் ஒரு முயற்சிக்குப் பிறகு வீடு திரும்பியவரோடு வாழ்கிறீர்கள் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அவசரம்.

## பயிற்சி வேண்டாம், படித்துக்கொள்கிறேன் என்றால்

ஆஸ்திரேலியாவில் 2000-ல் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜார்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம், கட்டணமும் உண்டு. ஆனால் அதன் அடிப்படையான வழிகாட்டிக் குறிப்புகள் இலவசம். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு உதவுவது பற்றிய குறிப்பு சில பக்கங்கள்தான். இந்திய மனநல வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு இந்தியாவுக்கென்று செய்த வடிவமும் இருக்கிறது. வீடியோ பார்த்தால் மனம் கலங்குபவர்கள், இழப்பைச் சுமப்பவர்கள், தங்கள் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் படிக்க விரும்புபவர்கள் இங்கே தொடங்கலாம். வாயால் சொல்லிப் பழகும் வாய்ப்பு மட்டும் இதில் அறவே கிடையாது.

## ஒரே பார்வையில்

| பயிற்சி | நேரம் | இலவசமா? | பலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஜீரோ சூசைட் அலையன்ஸ் | 20 நிமிடம் | ஆம் | எளிய தொடக்கம் | பிரிட்டன் எண்கள். "தெரிந்துவிட்டது" என்ற நிம்மதி |
| க்யூ.பி.ஆர். | 1 முதல் 1½ மணி | நிறுவனம் வழியாக | உதவிக்கு இணங்க வைப்பது | குறியீடு தேடும் அலைச்சல் |
| லிவிங்வொர்க்ஸ் ஸ்டார்ட் | 1½ மணி வரை | நிறுவனம் வழியாக | தேர்வு செய்து பழகும் காட்சிகள் | அதே அலைச்சல் |
| கொலம்பியா | அரை மணி | ஆம் | கேள்விகள் கையில், பல மொழிகளில் | விசாரணை போல ஆகிவிடலாம் |
| காம் | 2 மணி | ஆம் | வீட்டைப் பாதுகாப்பாக்குவது | நீளம். அமெரிக்கச் சூழல் |
| மனநல முதலுதவிக் குறிப்பு | படிக்கும் நேரம் | ஆம் | உங்கள் வேகம் | பழகும் வாய்ப்பு இல்லை |

ஒன்றைத்தான் எடுக்க முடியும், மனதில் ஒரு குறிப்பிட்ட ஆளும் இருக்கிறார் என்றால் நான் கொலம்பியாவின் ஆறு கேள்விகளைச் சொல்வேன், கூடவே மனநல முதலுதவிக் குறிப்பின் சில பக்கங்களையும். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒன்று சொற்களைத் தருகிறது, மற்றது தொனியைத் தருகிறது. க்யூ.பி.ஆர். குறியீடு உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் இந்தச் சேர்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு அதை எடுங்கள். நெருங்கியவரை இழந்து அதிக நாள் ஆகவில்லை என்றால் இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம். பட்டியல் எங்கும் போய்விடாது.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டிய ஒன்று

இந்தப் பயிற்சிகள் எதுவும் உங்களைத் தமிழில் வாய்விட்டுக் கேட்க வைக்காது. அதை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். நம்பகமான ஒருவரை எதிரில் உட்கார வைத்து, இது பழக்கம்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை வாயில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தப்பா எதுவும் யோசிக்கலல்ல?" அல்லது, "அப்படியெல்லாம் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேல்ல?" கவலையில் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி "இல்ல" என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டே கேட்கிறது. எதிரில் இருப்பவரும் உங்களை நிம்மதியாக்க "சேச்சே, இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாவது தடவை இப்படிக் கேளுங்கள்: "கொஞ்ச நாளா நீ ரொம்ப ஒதுங்கி இருக்கே. இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்குத் தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் கேட்பதைவிடக் கஷ்டம். அதையும் சேர்த்துப் பழக வேண்டும். வயதில் பெரியவர் என்றால் "உங்களுக்கு அப்படித் தோணுதா" என்று மாற்றி ஒருமுறை, தம்பி தங்கை என்றால் இன்னொருமுறை. "ஆமாம்" என்று பதில் வந்ததாக வைத்துக்கொண்டு, "சொன்னது நல்லது. நான் இங்கேதான் இருக்கேன். இப்ப சேர்ந்து ஒருத்தர்கிட்ட பேசுவோமா?" என்பதையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஆள் வாழும் நாட்டின் உதவி எண்ணை உங்கள் போனில் சேமித்து, ஒரு தடவை அழைத்துப் பார்த்துவிடுங்கள். எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், தமிழில் பேச ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அன்றைக்கு அவரிடம் "கூப்பிட்டால் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்" என்று உறுதியாகச் சொல்ல முடியும். பயிற்சியில் கற்றது சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நினைவூட்டலை இன்றே காலெண்டரில் போட்டு வையுங்கள். அப்போது முழுப் பயிற்சியும் வேண்டாம், மேலே சொன்ன கேள்வியை மறுபடியும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.